குவாத்தமாலாவைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும்

மார்ச் 6, வியாழன்

இதை என்றாவது யாராவது வாசிக்க நேர்ந்தால் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் நிற்கச் சொன்னால் என் எழுத்துகள் நிற்பதில்லை. சில மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. 'ழ' எழுதும்போது நாக்கை வெளியே நீட்டுகிறேனாம். மகள் ஜூலி சொல்லிச் சிரிக்கிறாள். எட்டு வயதில் பேசாலைக் கடலில் வலை இழுக்கப் போன கை, இங்கே ஸ்காபரோவுக்கு வந்து சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவிய கை. எழுபத்தாறு வயதில் பேனை பிடித்தால் இப்படித்தான் வரும்.

சொற்கள் எனக்குப் புதிதில்லை. கோவில் வாசகமும் வானொலிச் செய்தியும் வாழ்நாள் முழுக்கக் கேட்டவன். காதுக்குத் தெரிந்ததைக் கண் இப்போதுதான் சந்திக்கிறது. அது எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

இன்று வகுப்பில் ஒரு முழுப் பக்கம் எதையும் பார்க்காமல் எழுதினேன். "வடிவா இருக்கு, அங்கிள்" என்றார் வேரோனிக்கா. அவர்தான் எங்கள் ஆசிரியை. பகலில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை, வியாழன் மாலையில் அங்கேயே எங்களுக்குக் காசு வாங்காமல் தமிழ் எழுதப் படிப்பிக்கிறார்.

பிறகு அவர் கதவைச் சாத்திவிட்டு ஒன்று சொன்னார். பல்கலைக்கழகத் தலைவர் இனேஸ் அம்மாவின் பதவிக்காலம் ஜூனில் முடிகிறது. மீண்டும் கொடுப்பதா இல்லையா என்று ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆளுநர் சபை முடிவெடுக்கும். "குடுக்கமாட்டினம் போலதான் கதைக்கினம். அவ போனா உந்தப் பின்னேர வகுப்பெல்லாம் போயிடும்."

பகலில் பிள்ளைகள் படிக்கிற அறைகள் மாலையில் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று கேட்டவர் இனேஸ் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் முதலில் தங்கள் தாய்மொழியில் படிக்கட்டும் என்று சொல்லித் திறந்தவரும் அவரே. வேறு எந்தக் கதவும் எனக்குத் திறந்ததில்லை.

என் சந்தோஷம் பஸ் தரிப்பு வரைக்கும்தான் வந்தது.

மார்ச் 8, சனி

ஜூலி மரக்கறி வாங்கும்போது நான் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்களை வாசிப்பேன். வகுப்புக்கு வெளியே நான் முதன்முதலாக வாசித்தது அவைதான். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றைப் படித்தால் அடுத்ததும் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு தந்தையும். ஒரு மனிதன் யாரென்று எவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறார்கள்.

கடைக்காரர் பஸ்ரியன் எட்டிப் பார்த்தார். "என்ன நீக்கிலாஸ் அண்ணை, உங்கட பேர் இருக்கோ எண்டு பாக்கிறியளோ?"

"இருந்தா நானே வாசிப்பன்" என்றேன். ஒரு வருடத்துக்கு முன் இந்தப் பதில் எனக்குச் சொந்தமில்லை.

மார்ச் 13, வியாழன்

இனேஸ் அம்மா இன்று எங்கள் வகுப்புக்கு வந்தார். சின்னக் கதிரையில் எங்களோடு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பாலேஸ்வரி அக்கா என் காதுக்குள் சொன்னார்: "பாத்தா எங்கட ஆள் மாதிரி. ஒரு சீலையைச் சுத்திவிட்டா நல்லூர்க் கோயில் தேருக்கு வந்த மனுசிதான்." பாலேஸ்வரி அக்கா மல்வேர்னில் இருக்கிறார். 'க' வரிசை முடித்து 'ச'வில் நிற்கிறார்.

இனேஸ் அம்மா ஆங்கிலத்தில் தன் கதையைச் சொன்னார், வேரோனிக்கா தமிழில் சொன்னார். குவாத்தமாலா என்ற நாடு. அங்கேயும் சண்டை. பதினொரு வயதில் தாயோடு இங்கே அகதியாக வந்தவர். தாயின் பெயர் தோமாசா. கந்தோர்களில் மேசையும் தரையும் துடைத்துப் பிள்ளையை வளர்த்தவர், எழுத்துத் தெரியாமலே காலமானவர். உயர்பள்ளிக்குப் போகும்போது, பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளின் பிரிவா, கைவேலைக்குப் போகிற பிள்ளைகளின் பிரிவா என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் விரலை வைத்த இடத்தில் தாய் ஒரு பெருக்கல் குறியை, புள்ளடியை, போட்டார்.

"அந்தப் புள்ளடியால நான் தலைமயிர் வெட்டப் படிச்சன். நல்லா வெட்டுவன், இப்பவும்" என்று சிரித்தார்.

பகலில் சலூன், மாலையில் படிப்பு. பிறகு ஆசிரியை, பிறகு பேராசிரியர். ஏழைப் பிள்ளைகளை எந்த வயதில், யார், எப்படி ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதைத்தான் ஆராய்ந்தாராம். பெரிய கூட்டங்களில் அவரைக் கண்டு கோப்பி கொண்டுவரச் சொன்னவர்கள் உண்டு. தலைவராக வந்தபின், கைவேலைப் பிரிவில் விடப்பட்ட மல்வேர்ன், மோர்னிங்சைட் பகுதிப் பிள்ளைகளுக்கென்று பல்கலைக்கழகத்தில் இடம் ஒதுக்கினார். விண்ணப்பக் காசை நிறுத்தினார். அதுதான் சபைக்குப் பிடிக்கவில்லை. பெயர் கெட்டுவிட்டது, பெரிய இடத்துப் பிள்ளைகள் வேறு பல்கலைக்கழகம் பார்க்கிறார்கள் என்கிறார்களாம்.

முகம் களைத்திருந்தது. எழும்பும்போது, தான் இல்லாவிட்டாலும் எழுதுவதை விடவேண்டாம் என்றார். 

சபைக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாம் என்று வேரோனிக்கா சொன்னார். "எங்கட சனம் ஒரு நூறு பேர் போய் நிண்டா?" என்றார் பாலேஸ்வரி அக்கா. கடைகளில் அறிவித்தல் ஒட்டவேண்டும். யார் எழுதுவது?

"நான் எழுதினதெண்டு தெரிஞ்சா என்ர வேலை போயிடும். நான் பாக்கவும் மாட்டன், எனக்குக் காட்டவும் வேண்டாம்" என்றார் வேரோனிக்கா. "நீங்கள் எழுதுங்கோ, அங்கிள்."

நான்.

மார்ச் 14, வெள்ளி

எங்கே தொடங்குவது? வாய்க்குள் நிறைய இருக்கிறது. கைக்கு ஒன்றும் இறங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

முடித்துவிட்டேன். ஜூலியைக் கேட்கவில்லை. என் கையால் செய்ய ஆசை. பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவன் இருட்டும்போதுதான் எழும்பினேன். ஒருவரை ஊருக்கு அறிவிக்கிற முறை எனக்குத் தெரியும். கடைக் கண்ணாடியில் எத்தனை வாசித்திருக்கிறேன்.

எழுதியதை இங்கே பார்த்து எழுதுகிறேன்:

குவாத்தமாலாவைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட பல்கலைக்கழகத் தலைவர் டொக்டர் இனேஸ் மொன்தூபார் அவர்கள், காலஞ்சென்ற தோமாசாவின் அன்பு மகளும், முன்னாள் சலூன் தொழிலாளியும், ஆசிரியையும், பேராசிரியரும், எங்கள் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவரும், எங்களுக்குக் கதவு திறந்தவரும் ஆவார். அன்னாரின் பதவிக்காலம் ஜூன் மாதம் நிறைவடைகிறது. அன்னாருக்காக ஏப்ரல் 9 புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, பல்கலைக்கழகப் பெரிய மண்டபத்துக்கு உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் வந்து கலந்துகொள்ளவும். தகவல்: வியாழன் வகுப்பு மாணவர்கள்.

நடுவில் அவருடைய படம். பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெட்டியது. படத்தைச் சுற்றிக் கறுப்பு மையால் தடித்த கோடு போட்டேன். அது இல்லாவிட்டால் எடுப்பாக இல்லை.

இரவே கொண்டுபோய்க் காட்டினேன். பாலேஸ்வரி அக்கா கனநேரம் பார்த்தார். "பாக்கவே நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது, அண்ணை. உப்பிடித்தான் இருக்கோணும்."

மார்ச் 22, சனி

மல்வேர்ன், மோர்னிங்சைட், வெக்ஸ்போர்ட் — எல்லாத் தமிழ்க் கடையிலும் பிரதி எடுத்து ஒட்டியாகிவிட்டது. கால் வலிக்கிறது. மனம் பறக்கிறது. நான் எழுதியதை ஊர் வாசிக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

பஸ்ரியன் கடைக்குள் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல மனுசியாம், என்ன? என்ர அண்ணன்ர மகளுக்கும் அவதானே சீற் குடுத்தது. என்ன வருத்தம்?"

"ஆருக்கு?"

"உங்கட யூனிவேர்சிட்டி அம்மாவுக்கு. திடீரெண்டோ?"

கண்ணாடிக்கு ஓடினேன். இடப்பக்கம் கரவெட்டிக்காரர் ஒருவரின் மரண அறிவித்தல். வலப்பக்கம் மன்னார் அம்மா ஒருவர். நடுவில் கறுப்புக் கோட்டுக்குள் இனேஸ் அம்மா.

காலமானார் என்ற சொல்லை நான் எழுதவில்லை. எழுதவே இல்லை. அதுதான் சாவு என்று நினைத்திருந்தேன். மற்றதெல்லாம் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"கழட்டவேணும்" என்றேன்.

"செத்தவீடு முடியாமல் கழட்டக்கூடாது, அண்ணை. சனம் என்னைத்தான் ஏசும்."

"அவ சாகேல்லை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நேற்று றேடியோவிலயும் வாசிச்சவை."

ஏப்ரல் 1, செவ்வாய்

வேரோனிக்கா தொலைபேசியில் அழுதார். தலைவரின் கந்தோருக்கு மலர்வளையம் வந்திருக்கிறது. வெக்ஸ்போர்ட்டில் ஏதோ ஒரு சங்கம் அனுப்பியது. ஆழ்ந்த அனுதாபங்கள் என்று ரிப்பன். சபைக்காரர் ஒருவர் அதன் பொருளைக் கேட்டறிந்து சிரித்தாராம்: "அவவின்ர ஆக்களே அவவை அனுப்பி வைச்சிட்டினம். எங்களுக்கு வேலை மிச்சம்."

ஏன் படிச்சனான்? ஆர் கேட்டது? எழுத்துத் தெரியாமல் இருந்த காலம் முழுக்க நான் ஒருத்தருக்கும் கெடுதல் செய்யேல்லை. கோப்பை கழுவினன், வீட்டுக்கு வந்தன். இப்ப ஒரு தாள் எழுதினன் — உயிரோட இருக்கிற மனுசியைச் சாகடிச்சுப்போட்டன். அவவின்ர கடைசி ஆதரவும் சிரிப்பாப் போச்சு. ஆண்டவரே.

ஏப்ரல் 2, புதன்

பேனையை எடுக்க மனமில்லை. அறிவித்தலை எழுதியதும் இதே பேனைதான்.

ஏப்ரல் 3, வியாழன்

வகுப்புக்கு முன், வேரோனிக்காவைக் கூட்டிக்கொண்டு இனேஸ் அம்மாவிடம் போனேன். மலர்வளையம் அவர் மேசைக்கு முன் ஒரு கதிரையில் இருந்தது. எறியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, எழுதினது நான்தான் என்றேன். நடந்ததை வேரோனிக்கா சொன்னார்.

அவர் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க, வரிவரியாக வேரோனிக்கா ஆங்கிலத்தில் சொன்னார். தோமாசா என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"திருப்பி வாசிக்கட்டாம்" என்றார் வேரோனிக்கா.

திருப்பி வாசித்தேன். காலஞ்சென்ற தோமாசாவின் அன்பு மகளும்.

 பிறகு இனேஸ் அம்மா சொன்னதை வேரோனிக்கா மெதுவாகச் சொன்னார்: "அவவைப் பற்றிச் சபை ஒரு புத்தகம் அளவுக்கு அறிக்கை எழுதியிருக்குதாம். அதில அம்மா இல்லையாம். சலூன் இல்லையாம். எங்கயிருந்து வந்தவ எண்டுகூட இல்லையாம்."

ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். ஆனால் ஒன்றில் உறுதியாக இருந்தார். பொய்யால் ஒருவரையும் கூப்பிடக்கூடாது, உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றார். நான் வானொலிக்கு அழைத்துச் சொன்னேன். திருத்தம் வாசிப்பதாகச் சொன்னார்கள்.

அவர் பயப்படுகிறாரா என்று வேரோனிக்காவிடம் படியில் கேட்டேன். "கந்தோர்ச் சாமான்களைப் பெட்டியில அடுக்கத் தொடங்கீட்டா, அங்கிள்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வானொலியில் திருத்தம் வாசித்தார்கள். மரண அறிவித்தல்கள் முடிந்து, விளம்பரமும் முடிந்து, எல்லோரும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனபிறகு. கோவிலில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

 மெதுவாக எழுதுகிறேன்.

நானும் பாலேஸ்வரி அக்காவும் வேளைக்கே போய் மண்டப வாசலில் நின்றோம். வருகிறவர்களுக்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்று. மழையும் பனியும் கலந்து கொட்டியது. யாரும் வரப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

முதலில் மூன்று பெண்கள். குளிர்ச்சட்டைக்குக் கீழே வெள்ளைச் சேலை. "உடம்பைப் பார்வைக்கு எங்க வைச்சிருக்கு?"

"அவ உயிரோடதான் இருக்கிறா" என்றேன். "பிழை என்னிலதான். நான் எழுதின நோட்டிஸ்."

"அப்ப நான் லீவு போட்டு வந்தது?" என்றார் அவர்களில் ஒருவர்.

"அவவுக்குத்தானே போட்டனீங்கள்" என்றார் பாலேஸ்வரி அக்கா. "அவ மேல இருக்கிறா. செத்தா வந்து பாக்கிற மனுசியை இருக்கேக்க பாத்தா என்ன குறைஞ்சு போச்சு?"

அந்தப் பெண் என்னை முறைத்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அதன்பின் ஒவ்வொரு பஸ்ஸிலும் வந்தார்கள். கறுப்புக் கோட்டு ஆண்கள், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு. ஒரு அம்மா பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி. பஸ்ரியன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். எல்லோருக்கும் சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் போனவர் ஒன்றிரண்டு பேர்தான். கூட்டத்துக்கு வா என்றால் எங்கள் சனம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு இருந்துவிடும். செத்தவீட்டுக்குச் சொல்லாமலே வரும். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இனேஸ் அம்மா கீழே வந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வரிசை தானாக உருவானது. ஒரு பக்கத்தால் வந்து, முன்னால் நின்று, கையைப் பிடித்து, மறுபக்கத்தால் போகிற வரிசை. அழத் தயாராக வந்தவர்கள் எப்படியோ அழுதார்கள். வெள்ளைச் சேலைப் பெண் கையை விடவில்லை. "என்ர மூத்தவளுக்குக் கைவேலைதான் சரி எண்டு பள்ளிக்கூடத்தில சொன்னவை. நீங்கள் எடுத்தனீங்கள். இப்ப அவள் நேர்ஸ்."

அதை ஆங்கிலத்தில் சொன்னவர் வேரோனிக்கா. சபைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, தலைவரின் தோளோடு தோள் நின்று எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். வேலையைப் பற்றி நினைக்கவில்லை போலிருக்கிறது. நினைத்தும் நின்றிருக்கலாம்.

மண்டபத்துக்குள் போவதற்குச் சபைக்காரர்களும் எங்கள் நடுவால்தான் போகவேண்டியிருந்தது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட உயரமானவர் ஒருவர் குனிந்து, யார் இறந்தது என்று கேட்டார். பாலேஸ்வரி அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "நோபடி. நொட் யெற்."

முதலில் கொஞ்ச நேரம் எங்களையும் உள்ளே இருக்கவிட்டார்கள். கதிரை போதாமல் சுவரோடு நின்றோம். பிறகு முடிவெடுக்கும் நேரம் என்று எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். எங்கள் கோவிலுக்கு வரும் பெண்கள் தரையில் உட்கார்ந்து மெல்லச் செபமாலை சொன்னார்கள். பாலேஸ்வரி அக்காவும் தன் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டு நடுவில் இருந்தார்.

கதவு திறந்தது. முடிவை நாளை எழுதுகிறேன். இன்று ஏலாது.

ஏப்ரல் 10, வியாழன்

கொடுக்கவில்லை.

நன்றி சொல்லி ஒரு தாள் வாசித்தார்கள். அதன் அடியில் ஒரு வரி: வந்திருந்த மக்களின் அக்கறையை மதித்து, பின்னேர வகுப்புகளும் ஒதுக்கிய இடங்களும் தொடரும். வேரோனிக்கா அதைத் தமிழில் சொன்னார்.

நாங்கள் அவவுக்காகப் போனம். சபை ஆக்கள் வகுப்பைத் தந்துபோட்டு அவவை எடுத்திட்டினம். நான் எழுதினது கடைசியில பொய்யில்லாமல் போச்சு. செத்தவீட்டுக்கு எண்டு வந்த சனம் செத்தவீடு முடிஞ்சுதான் வீட்டை போச்சுது.

இன்று வகுப்பு இருந்தது. போகவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றபோது இனேஸ் அம்மாவின் கைகளைத்தான் நினைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பாலேஸ்வரி அக்கா எங்கள் வீட்டு மணியை அடித்தார். "இஞ்ச பாருங்கோ அண்ணை, அந்த மனுசி தன்ர வேலையைக் குடுத்து எங்களுக்கு அந்த அறையை வாங்கித் தந்திருக்கிறா. நீங்கள் சோபாவில படுத்துக் கிடந்தா அது ஆருக்கு?" சட்டையை மாற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். 'ஞ' எழுதினேன். பிழைத்தது. திரும்ப எழுதினேன்.

ஜூன் 26, வியாழன்

இனேஸ் அம்மாவின் அறைக் கதவில் பெயர் இல்லை. திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும்.

செப்ரெம்பர் 11, வியாழன்

புதிய தலைவரின் படம் வாசலில் மாட்டியிருக்கிறது. எங்கள் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லை, சுடுநீர்க் குழாய் சத்தம் போடுகிறது. ஆனால் இருக்கிறது. வேரோனிக்காவும் இருக்கிறார். அவருடைய வேலையை ஒருவரும் தொடவில்லை.

பக்கத்து அறையில் புதிதாக ஒரு வகுப்பு, ஸ்பானிய மொழிக்காரருக்கு. கட்டடம் துடைக்கிற பெண்கள், கூரை வேலை செய்கிற ஆண்கள். அதைப் படிப்பிக்க வருகிறவர் என்னுடைய பஸ்ஸிலேயே வந்தார். மடியில் துணிப்பை. இனேஸ் அம்மா. முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறார். தானே வெட்டியதாகக் கையால் காட்டினார்.

அவருடைய வகுப்புக் கதவில் என் அறிவித்தலை ஒட்டியிருக்கிறார். கறுப்புக் கோட்டோடு. தோமாசாவின் பெயருக்குக் கீழே மெல்லிதாகப் பென்சிலால் ஒரு கோடு.

எங்கள் வகுப்புக்குப் புதிதாக வந்த அம்மா ஒருவர் அந்தப் படத்தைக் கண்டு நெற்றியில் சிலுவை போட்டார். "பாவம், ஆரிது? எப்ப செத்தது?"

இனேஸ் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பாலேஸ்வரி அக்கா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, நான் எழுதுகிற வேகத்தில் சொன்னார்: "நான் இருக்கிறன்."

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான், ஏப்ரலுக்குப் பிறகு முதன்முறையாக.

இரண்டு வகுப்புக்கும் ஆட்கள் சேர்க்கக் கடைகளில் புதிய அறிவித்தல் ஒட்டவேண்டுமாம். நான்தான் எழுதவேண்டும் என்று இனேஸ் அம்மா சொல்லிவிட்டார். இந்தமுறை ஒட்டுமுன் தனக்குக் காட்டவேண்டும் என்று வேரோனிக்கா சொல்லிவிட்டார். பிறப்பிடம் கூடாது, வதிவிடம் கூடாது, கறுப்புக் கோடு கூடவே கூடாது.

வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வருகிற வியாழனுக்குள் யோசித்துக் கண்டுபிடித்து, அந்த முதல் வரியை இங்கேதான் முதலில் எழுதிப் பார்ப்பேன்.